எந்த கேம்பிங் யாருக்கு? ராத்திரியைக் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: கோவையில் வேலை. மனைவி, 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 64 வயது அம்மா. பொங்கல் விடுமுறைக்குக் குடும்பத்தோடு டென்டில் தங்க ஆசை. இன்னொரு பக்கம் ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர், "தங்கினா காட்டுக்குள்ளதான் தங்கணும்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். கேம்பிங்கில் என்னென்ன வகை இருக்கிறது, எது ஒத்துவரும், டென்ட் வாங்கலாமா?

வகைகளுக்குப் போகும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் இடத்தைத் தேர்ந்தெடுப்பது காலை ஆறு மணிப் படத்தைப் பார்த்து. டென்ட் வாசலில் ஷூ, கையில் டீ, கீழே மேகக் கூட்டம். அந்தக் காட்சி அரை மணி நேரம் இருக்கும். அதற்கு முன்னால் பன்னிரண்டு மணி நேர ராத்திரி ஒன்று இருக்கிறது. ஜனவரியில் மலையில் ஏழு மணிக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடும். ஒன்பது மணிக்குச் சாப்பாடு முடிந்துவிடும். அப்புறம் குளிர், காற்று, பாத்ரூம், தூக்கம், வெளியே கேட்கிற சத்தம் என்று விடியும் வரை ஓட்ட வேண்டும். அந்த நேரத்தில் யார் பொறுப்பு, பாத்ரூம் எவ்வளவு தூரம், மழை வந்தால் எங்கே போவது, குழந்தைக்கு ஜுரம் வந்தால் ரோட்டுக்கு எவ்வளவு நேரம்? இந்த நாலு கேள்விக்கும் ஒவ்வொரு வகை கேம்பிங்கும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. உங்கள் வீட்டு ஆட்களுக்கு எந்தப் பதில் பொருந்துகிறதோ அதுதான் உங்கள் வகை.

நண்பர்கள் கேட்பதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதைக் கழித்துவிட்டால் மற்றது சுலபம். காட்டுக்குள் நாமே நடந்து போய், பிடித்த இடத்தில் டென்ட் அடித்துத் தங்குவது என்பது வெளிநாட்டு வீடியோக்களில் பார்க்க நன்றாக இருக்கும். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் அதை உரிமையாகவே கொடுத்திருக்கிறது. நார்வே, ஸ்வீடனிலும் அப்படி ஒரு பொது உரிமை உண்டு. இங்கே அது கிடையாது. காப்புக்காடு, சரணாலயம், புலிகள் காப்பகம் எதுவானாலும் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், தங்குவதைப் பற்றிப் பேச்சே இல்லை. கோவையைச் சுற்றி ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம் என்று மூன்று புலிகள் காப்பகங்கள் இருக்கின்றன. ரோட்டோரம் காரை நிறுத்தி இறங்கினாலே அபராதம் போடுகிற இடங்கள் அவை. "உள்ளூர்ப் பையன் ஒருத்தன் கூட்டிட்டுப் போறேன்னு சொல்றான்" என்று யாராவது சொன்னால், மாட்டினால் அந்தப் பையன் இருக்க மாட்டான், நீங்கள்தான் இருப்பீர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

சட்டத்தை விட்டுவிட்டாலும் காரணம் இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலைப் பக்கத்திலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். அந்தச் சரிவு முழுக்க ஆள் உயரப் புல். மார்ச்சில் அது காய்ந்து சருகாகி நிற்கும். அதில் பிடிக்கிற தீ, காற்றோடு மேல்நோக்கி ஏறும்போது மனிதனால் ஓடிக் கடக்க முடியாது. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளை வழிகாட்டியோடு திறந்துவிட்டது. ஆன்லைனில் பதிவு செய்யலாம். பெரும்பாலும் காலையில் ஏறி மாலைக்குள் இறங்குகிற நடைதான், உள்ளே டென்ட் கிடையாது. பிப்ரவரி நடுவில் தொடங்கி ஏப்ரல் நடு வரை தீக்காலம் என்று 2025-ல் மூடி வைத்தார்கள். ஆகவே பிப்ரவரி கடைசியில் லீவு போட்டுவிட்டு அப்புறம் தேடாதீர்கள்.

சரி, காட்டுக்குள் ராத்திரி தங்கவே முடியாதா என்றால், முடியும். வனத்துறையே நடத்துகிற முகாம்களில். என் பார்வையில் தென்னிந்தியாவில் இந்த வகையில் முதலில் வைக்க வேண்டியது தேக்கடியில் உள்ள பெரியாறு புலிகள் காப்பகத்தின் டைகர் டிரெயில். ஒரு ராத்திரியோ இரண்டு ராத்திரியோ காட்டுக்குள் டென்டில் தங்கலாம். கூட வருகிற வழிகாட்டிகளில் பலர் ஒரு காலத்தில் அதே காட்டில் பட்டை உரித்துக் கடத்தியவர்கள், வேட்டையாடியவர்கள். 1990-களின் கடைசியில் அவர்கள்மேல் இருந்த வழக்குகளை வைத்துத் துரத்திக்கொண்டே இருப்பதை விட, காட்டைக் காக்கிற வேலையிலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். அதன் பலன் உங்களுக்கு ராத்திரியில் தெரியும். யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை மூங்கில் ஒடிகிற சத்தத்தில் சொல்லுகிற ஆள் பக்கத்து டென்டில் படுத்திருக்கிறார். துப்பாக்கியோடு ஒரு காவலரும் உண்டு. சமையல் அவர்களோடு சேர்ந்துதான். பாட்டு, மது, பொங்கி வழிகிற கேம்ப் ஃபயர் எதுவும் நடக்காது. உங்கள் நண்பர்கள் "காடு" என்று சொல்வது உண்மையில் காட்டைத்தான் என்றால் இது அவர்களுக்கு. காட்டுக்குள் பார்ட்டி என்றால் இது இல்லை. அதை முதலிலேயே அவர்களிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

இன்னும் கொஞ்சம் சொகுசாக வேண்டுமென்றால் பரம்பிக்குளம். கேரளத்துக் காப்பகம், ஆனால் ரோடு நம் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் போகிறது. அங்கே வனத்துறையின் நிலையான கூடாரங்கள் உண்டு. உள்ளே கட்டில், கூடவே பாத்ரூம். கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலையில் கே.குடி என்ற இடத்திலும் அரசு நிறுவனத்தின் கூடாரக் குடில்கள் இருக்கின்றன. இவற்றில் சாகசம் குறைவு, ஆனால் வயதானவர்களைக் கூட்டிப்போகலாம். பொங்கல் வாரத்துக்கு நவம்பரிலேயே முயற்சி செய்யாவிட்டால் கிடைப்பது கஷ்டம்.

அடுத்தது, நம் ஆட்களில் பெரும்பாலானோர் கேம்பிங் என்று சொல்லிப் போகிற வகை. தனியார் எஸ்டேட்டிலோ தோட்டத்திலோ வரிசையாக டென்ட் அடித்து வாடகைக்கு விடுவது. கொழுக்குமலைக்குப் போகிற சூரியநெல்லிப் பக்கம், கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்கள், ஏலகிரி, ஏற்காடு, வயநாடு என்று எங்கும் இருக்கிறது. இதில்தான் நல்லதுக்கும் மோசமானதுக்கும் இடைவெளி மிக அதிகம், விலையைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்த மாதிரி இடத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு என்ன நடக்கும் என்று பாருங்கள். டென்ட் ஒற்றைத் துணி. உள்ளே நாலு பேர் மூச்சு விட்ட ஈரம் முழுக்க மேல் துணியில் முத்துமுத்தாகக் கோத்து நிற்கிறது. காற்று ஒரு தட்டுத் தட்டினால் அது முகத்தில் சொட்டும். டென்ட் ஒழுகுகிறது என்று நினைத்து எல்லா ஜிப்பையும் இன்னும் இறுக்கி மூடுவார்கள், ஈரம் இன்னும் கூடும். கீழே கொடுத்திருப்பது மெல்லிய ஃபோம் ஷீட். மேலே இரண்டு போர்வை போர்த்தியும் முதுகு சில்லென்று இருக்கும். அப்போது பெரியவருக்குப் பாத்ரூம் போக வேண்டும். அது மேலே நூறு மீட்டர் தள்ளி, ஈரப் படிக்கட்டில். விளக்கு பத்து மணிக்கு ஜெனரேட்டரோடு அணைந்துவிட்டது. பக்கத்து டென்டில் இன்னும் ப்ளூடூத் ஸ்பீக்கர் ஓடுகிறது. இவை அனைத்தும் போனில் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் தெரிந்திருக்கும்.

ஆகவே, புக் செய்வதற்கு முன் "வியூ எப்படி" என்று கேட்காதீர்கள். அதை அவர்களே சொல்வார்கள். பாத்ரூம் எத்தனை அடி தூரம், ராத்திரி முழுக்க விளக்கு இருக்குமா என்று கேளுங்கள். டென்ட் மண்மேல் இருக்கிறதா, மேடை கட்டி அதன்மேல் இருக்கிறதா? டென்டுக்கு மேல் தனியாக மழைத்துணி உண்டா, அல்லது பெரிய தகரக் கூரையின் கீழே டென்ட் இருக்கிறதா? பலர் கூரைக்குக் கீழே இருக்கும் டென்டைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலை மழையில் அதுதான் புத்திசாலித்தனம். படுக்கை மெத்தையா, ஷீட்டா? மழை வலுத்தால் மாறிக்கொள்ள ஒரு கட்டடம் இருக்கிறதா? கடைசியாக மூன்று கேள்வி: நிலம் பட்டா நிலம்தானா, அனுமதி இருக்கிறதா, யானை வருகிற இடமா? யானைக் கேள்விக்கு "அதெல்லாம் வராது சார்" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். "போன மாசம் அந்தச் சரிவில் வந்தது, இந்தப் பக்கம் மின்வேலி போட்டிருக்கோம், எட்டு மணிக்கு மேல் கேட்டைத் தாண்டக் கூடாது" என்று சொல்கிறவர்தான் நம்பத் தகுந்தவர்.

மிகைப்படுத்தவில்லை. 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடி அருகே காட்டை ஒட்டிய டென்ட் விடுதி ஒன்றில், ராத்திரி டென்டுக்கு வெளியே இருந்த இளம் ஆசிரியை ஒருவரை யானை அடித்துக் கொன்றது. காட்டோரத்தில் துணிச் சுவர் ஒரு சுவரே இல்லை. அரிசி, உப்பு, வாழைப்பழம், பலாப்பழம் இவற்றின் வாசனை யானைக்கு வெகு தூரம் எட்டும். சாப்பாட்டுச் சாமான் எதையும் படுக்கிற டென்டில் வைக்காதீர்கள், பிஸ்கட் பாக்கெட் உட்பட. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கரடி நடமாட்டம் சாதாரணம், கொடைக்கானலில் காட்டுமாடு தெருவிலேயே நடக்கும். காட்டுமாடு சாது என்று நினைத்து செல்ஃபிக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

குளிரைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். கோவை சுமார் 400 மீட்டரில் இருக்கிறது. ஜனவரி விடியற்காலையில் இங்கே 19 டிகிரி என்றால், 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் 8 டிகிரி எதிர்பார்க்கலாம். வால்பாறையில் 15. இது காற்று இல்லாத இடத்துக் கணக்கு. வானம் துலக்கமாக இருக்கிற ராத்திரியில் குளிர்ந்த காற்று கனத்துப்போய்ப் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். ஊட்டியில் உறைபனி விழுவது குன்றின் மேல் இல்லை, தலைக்குந்தா மாதிரித் தாழ்வான புல்வெளிகளில். ஆகவே டென்ட் பள்ளத்தின் அடியிலும் வேண்டாம், காற்று வெளுத்து வாங்குகிற முகட்டிலும் வேண்டாம். சரிவின் நடுவில், மரமோ பாறையோ காற்றை மறைக்கிற இடம் நல்லது. ஓடை வறண்டிருந்தாலும் அதன் படுகையில் கூடவே கூடாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் வந்த வெள்ளத்தில் ஒரு சிறுவன் போனது நினைவிருக்கும். நாம் நிற்கிற இடத்தில் மழையே இல்லாமல், மேலே காட்டில் பெய்த மழை கீழே வந்து அடிக்கும்.

அப்புறம், குளிர் மேலிருந்து வருவதை விடக் கீழிருந்துதான் அதிகம் வரும். ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கத்துப் பஞ்சு நம் எடையில் நசுங்கிப்போய்விடுவதால் அங்கே சூட்டைத் தாங்க எதுவும் இருக்காது. மூன்றாவது போர்வை கேட்பதற்குப் பதிலாக, இரண்டாவது மேட் கேளுங்கள். ஸ்லீப்பிங் பேக் வாங்கினால் பையில் மூன்று வெப்பநிலை எழுதியிருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். கடைக்காரர் பெருமையாகக் காட்டுவது மூன்றாவதை. அது உயிர் போகாமல் இருப்பதற்கான எண், தூங்குவதற்கானது இல்லை. முதல் எண்ணை மட்டும் பாருங்கள். சின்னப் பிள்ளையைப் பெரியவர் பேக்கில் போட்டால் காலடியில் காலி இடம் சூடாகவே ஆகாது. அங்கே ஸ்வெட்டரைச் சுருட்டித் திணித்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கட்டளையாகவே சொல்கிறேன். எவ்வளவு குளிர்ந்தாலும் கரியடுப்பு, பார்பிக்யூ தட்டு, கேஸ் அடுப்பு எதையும் டென்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. தீ அணைந்துவிட்டது, கங்குதானே என்று நினைப்பார்கள். கங்கிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். கொடைக்கானல் விடுதி அறையிலேயே இப்படி இறந்தவர்கள் உண்டு. காரில் இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுத் தூங்குவதும் இதே கதைதான்.

கார் என்றதும் அடுத்த வகை வந்துவிட்டது. காரில் தேவையான எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய், காருக்குப் பக்கத்தில் டென்ட் அடிப்பது, அல்லது பின் சீட்டை மடித்து உள்ளேயே படுப்பது, அல்லது கூரைமேல் மடக்கு டென்ட் பொருத்திக்கொள்வது. குழந்தை உள்ளவர்களுக்கு நான் மிகவும் விரும்பிச் சொல்கிற வகை இது. எடையைப் பற்றிக் கவலை இல்லை. வீட்டு மெத்தை, குக்கர், பால் பாக்கெட், குழந்தையின் பழகிய தலையணை எல்லாம் வரும். மழை வலுத்தால் காருக்குள் புகுந்துவிடலாம், ஜுரம் வந்தால் சாவியைத் திருப்பினால் போதும். கஷ்டம் எங்கே நிறுத்துவது என்பதில்தான். அமெரிக்காவில் இருப்பது போலத் தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் உள்ள கேம்ப் கிரவுண்டுகள் இங்கே மிகக் குறைவு. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று கொள்கை கொண்டுவந்தது, ஆனால் ஒரு குடும்பம் சொந்தக் காரில் போய் நினைத்த இடத்தில் நிறுத்துகிற அளவுக்கு அது இன்னும் பரவவில்லை. நடைமுறையில் தெரிந்தவர் தோப்பு, டென்டுக்கு இடம் கொடுக்கிற ஹோம்ஸ்டே முற்றம், இவைதான் வழி. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிற சொந்தக்காரர் யாரும் இல்லாத கோவைக்காரர் உண்டா? தென்னை மரத்துக்கு நேர் கீழே மட்டும் டென்ட் வேண்டாம், மட்டையும் தேங்காயும் ராத்திரி என்று பார்க்காது.

மலைப்பாதையில் ராத்திரி ஓட்டிக்கொண்டே இடம் தேடலாம் என்ற திட்டமும் வேண்டாம். பந்திப்பூர் வழி ராத்திரி 9 முதல் காலை 6 வரை மூடல். சத்தியமங்கலத்துத் திம்பம் மலைப்பாதையிலும் இரவுக் கட்டுப்பாடு இருக்கிறது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் அங்கே செல்லாது, ஒரு பெரிய கேனும் ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரை டென்ட் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. புதுச்சேரிப் பக்கம் தனியார் இடங்கள் உண்டு. மணலில் சாதாரண முளை நிற்காது. சின்னப் பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டிப் புதைக்க வேண்டும். காலை ஏழு மணிக்கெல்லாம் உள்ளே புழுங்கிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறி வருகிற நேரம், விளக்கு வெளிச்சம் அவற்றைக் குழப்பும். தொங்குதூளி கட்டிப் படுக்கிற ஹேமக் கேம்பிங், அட்டைப்பூச்சி நிறைந்த ஈரக் காட்டுக்கு அருமையான வகை. ஆனால் ஒருவருக்கு ஒன்று வேண்டும், முதுகுக்குக் கீழே காற்று அடிப்பதால் அடியில் தனிக் கம்பளி வேண்டும். குடும்பத்துக்கு உதவாது.

எல்லாவற்றையும் முதுகில் சுமந்து நடக்கிற பேக்பேக்கிங் வகையில் ஆர்வம் உள்ளவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் எடை. அதில் எடை குறைக்கும் கலையை யாரிடம் கற்கலாம் என்றால், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களிடம் என்பேன். பல நாள் நடை, தோளில் ஒரு ஜோல்னாப் பை, அதில் ஒரு மாற்று வேட்டி, துண்டு, ஒரு போர்வை. வெயில் நேரத்தில் நிழலில் படுத்து, ராத்திரியிலும் விடியற்காலையிலும் நடப்பார்கள். அவர்களால் அது முடிவதற்குக் காரணம் வழியெங்கும் அன்னதானப் பந்தலும் மண்டபமும் இருப்பது. சாப்பாட்டையும் கூரையையும் வழி கொடுத்துவிட்டால் பை லேசாகிவிடும். இதே தர்க்கத்தில்தான் இமயமலையில் கம்பெனிகள் நடத்துகிற மலையேற்றமும் நடக்கிறது. டென்ட், சமையல், கழிப்பறைக் கூடாரம் எல்லாம் கோவேறு கழுதையில் முன்னே போய்விடும். நீங்கள் உங்கள் துணியை மட்டும் சுமந்தால் போதும். ஹம்ப்டா பாஸ், கேதார்கந்தா போன்றவை முதல்முறை போகிறவர்களும் தேர்ந்தெடுப்பவை. உங்கள் நண்பர்களுக்கு உண்மையான டென்ட் வாழ்க்கை மூன்று நாலு ராத்திரி தொடர்ந்து வேண்டுமென்றால், சட்டச் சிக்கல் குறைந்த வழி அதுதான். அங்கேயும் எல்லா இடமும் திறந்திருக்கவில்லை. உத்தரகாண்ட் உயர்நீதிமன்றம் 2018-ல் புக்யால் என்கிற மலைப் புல்வெளிகளில் ராத்திரி தங்குவதைத் தடை செய்தது. 2,500 மீட்டருக்கு மேல் போனால் உயரத்தால் வருகிற தலைவலி, வாந்தியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏறுகிற வேகத்தைக் குறைக்க வேண்டும், மோசமானால் இறங்க வேண்டும். தன்மானம் பார்த்து மாத்திரை போட்டு ஏறுகிறவர்கள்தான் ஆபத்தில் மாட்டுகிறார்கள்.

இப்போது உங்கள் விஷயம். குடும்பத்துக்கு நான் சொல்வது, ஒரு அறையும் ஒரு டென்டும் சேர்த்து எடுங்கள். எஸ்டேட் ஹோம்ஸ்டே பலவற்றில் முற்றத்தில் டென்ட் அடித்துத் தருவார்கள், அல்லது உங்கள் டென்டை அடிக்க விடுவார்கள். அம்மாவுக்கு அறையில் கட்டில், பக்கத்திலேயே பாத்ரூம். 64 வயதில் தரையிலிருந்து ராத்திரி இரண்டு தடவை எழுந்து, குனிந்து ஜிப்பைத் திறந்து வெளியே வருவது முழங்காலுக்குத் தண்டனை. அவர் "எனக்கு ஒண்ணும் இல்லைப்பா, நான் படுத்துக்குவேன்" என்றுதான் சொல்வார், நம்பாதீர்கள். நீங்களும் மூத்த பிள்ளையும் டென்டில் தொடங்குங்கள். ஐந்து வயதுக்காரர் பன்னிரண்டு மணிக்கு அழுதால் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். யாருக்கும் ராத்திரி கெடாது. உயரம் 1,000 முதல் 1,500 மீட்டருக்குள் இருக்கட்டும், அதாவது வால்பாறை, ஏற்காடு, மேகமலை அளவு. கொடைக்கானல் மேல்மலை, கொழுக்குமலை எல்லாம் ஜனவரியில் சின்னப் பிள்ளைக்கு வேண்டாம். கொழுக்குமலையின் ஜீப் பாதை அம்மாவின் இடுப்புக்கும் ஆகாது. மாதம் சரிதான். பொங்கல் சமயத்தில் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், தீக்காலம் தொடங்கியிருக்காது, அட்டையும் குறைவு. கூட்டம் மட்டும்தான் பிரச்சினை. பொங்கலுக்கு அடுத்த வாரம் லீவு கிடைத்தால் அதே இடம் பாதி காலியாக இருக்கும்.

நண்பர்களைத் தேக்கடிக்குக் கூட்டிப்போங்கள். இடம் கிடைக்காவிட்டால் வனத்துறையின் மலையேற்றப் பாதை ஒன்றைப் பகலில் முடித்துவிட்டு, ராத்திரி அடிவாரத்தில் தங்குங்கள்.

டென்ட் வாங்கலாமா என்றால், முதல் வருடம் வேண்டாம். சென்னை, பெங்களூரில் வாடகைக்குத் தருகிற கடைகள் உண்டு, கூரியரிலும் அனுப்புகிறார்கள். பிறகு வாங்கினால், தூக்கிப் போட்டதும் விரிகிற இரண்டாயிரம் ரூபாய் டென்டை விட்டுவிடுங்கள். அது பகலில் கடற்கரையில் நிழலுக்கு. உள்ளே வலைத் துணி, மேலே தனி மழைத்துணி என்று இரண்டடுக்கு உள்ளதாக, மழைத்துணியின் நீர் தாங்கும் அளவு குறைந்தது 2,000, நம் மலை மழைக்கு 3,000 மில்லிமீட்டர் என்று போட்டதாகப் பாருங்கள். இரண்டு பேர் டென்ட் என்றால் இரண்டு பேர் பக்கம் பக்கமாக அசையாமல் படுக்கலாம் என்று அர்த்தம், பைக்கு இடம் கிடையாது. நீங்களும் மனைவியும் பிள்ளைகளும் படுக்க ஆறு பேர் அளவு வேண்டும். கேம்பிங் அடுப்புக்கான கேஸ் கேட்ரிட்ஜை விமானத்திலும் ரயிலிலும் கொண்டுபோக முடியாது, போகிற ஊரில் கிடைக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

டென்ட் வந்த அன்றே மொட்டைமாடியில் அடித்து ஒரு ராத்திரி நாலு பேரும் படுத்துப் பாருங்கள். சிமென்ட் தரையில் முளை இறங்காது, நாலு மூலையிலும் தண்ணீர்க் கேனைக் கட்டி நிறுத்துங்கள். மேல்துணிமேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் எந்தத் தையல் ஒழுகுகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும், கடைக்காரரிடம் மாற்றிக்கொள்ளவும் நேரம் இருக்கும். டென்டை வாடகைக்கு எடுத்தாலும் ஒன்றை மட்டும் சொந்தமாக வாங்குங்கள்: தலையில் மாட்டுகிற டார்ச், ஆளுக்கு ஒன்று. பிள்ளைகளுக்கும் தனித்தனியாக வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் டென்டுக்குள் அதற்குத்தான் முதல் சண்டை நடக்கும்.